மலைய மட்டும் எடுத்துட்டுப் போறாவ
நிலக்காட்சிப் புகைப்படம், ஒரு சாதாரண கேமரா, மாஞ்சோலை

நிலக்காட்சிப் புகைப்படத்தில் போய் என்ன சாதி, என்ன அரசியல் என்று கேட்கிறவர்கள் நம் தோழர்களிலேயே உண்டு. மலை, பனி, ஏரி, சூரியன் ஏறுவது, இறங்குவது. பார்க்க அழகா இருக்கு, சுவரில் மாட்டி வை, அவ்வளவுதானே என்பார்கள். வங்கிக் காலண்டரிலிருந்து சுற்றுலாத் துறை விளம்பரப் பலகை வரைக்கும், டாக்டர் வீட்டு முன்னறையிலிருந்து கைப்பேசித் திரை வரைக்கும் இந்தப் படங்கள்தான் நிறைந்து கிடக்கின்றன. வாய் பேசாத படங்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த ஊர் யாருடையது, இங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற படங்கள் இவை. யாரும் எதிர்த்துக் கேட்காத பேச்சு என்பதால் அது பேச்சு மாதிரியே தெரிவதில்லை.

நிலம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு என்னென்ன ஞாபகம் வருகிறது? பட்டா, புறம்போக்கு, பஞ்சமி, குத்தகை, வரப்புத் தகராறு, சுடுகாட்டுப் பாதை. 1892-இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலத்தைக் கேட்டவனுக்குக் குண்டு. அதே நிலத்தைக் காலை வெயிலில் படம் பிடித்துப் போட்டிக்கு அனுப்பினால் பரிசு. நமக்கு நிலம் வழக்கு. அவர்களுக்கு நிலம் காட்சி. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைத் தூக்கி வைத்து ஆடியவர்களுக்கு முன்னால் அம்பேத்கர் அந்தக் கிராமத்தின் யோக்கியதையைப் போட்டு உடைத்தார். முக்கால் நூற்றாண்டு தாண்டியும் காலண்டர்க்காரன் காதில் அது விழவில்லை. கோபுரம், குளம், ஆலமரம், நெல்வயல். வயலுக்கு அந்தப் பக்கம் மேட்டைத் தாண்டி இருக்கிற தெரு எந்தக் காலண்டரிலும் எந்த மாதத்திலும் வருவதில்லை. தஞ்சைப் பக்கத்துப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் 1968 டிசம்பர் 25 ராத்திரியில் கீழ்வெண்மணியில் எரிந்த 44 பேர் ஞாபகம் வருகிற கண்ணும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு ஒரு நிலக்காட்சி வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கேமராவைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் கேமரா இப்போது நம் கையில் இருக்கிறது. சேரியிலிருந்து வந்த பையன்கள் எத்தனையோ பேர் கல்யாண வீட்டுக்கும் காதுகுத்துக்கும் படம் எடுத்துப் பிழைக்கிறார்கள். வசதிக்காரன் மிர்ரர்லெஸ்ஸுக்குப் போய்விட்டான். அவன் கழித்துவிட்ட டிஎஸ்எல்ஆர் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. கேனான் 1500டி மாதிரி ஒரு கேமரா, அதோடு பெட்டியிலேயே வருகிற 18-55 கிட் லென்ஸ். லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவன் இதைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பும் ஒருவகைச் சாதிச் சிரிப்புதான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியில், பகல் வெளிச்சத்தில், எஃப் 8-இல் வைத்து எடுத்தால் அந்தப் பிளாஸ்டிக் லென்ஸ் தருகிற படத்தைச் சுவர் அளவு பெரிதாக்கி மாட்டலாம். 18 மில்லிமீட்டரில் மலை முழுக்க உள்ளே வரும். 55-இல் மலையை இழுத்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தலாம். ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கிற பொருள் வரைக்கும் கிட்டே போய் ஃபோகஸ் பண்ணலாம் என்று எழுத வந்தேன். கணக்காகச் சொன்னால் 25 சென்டிமீட்டர். நிலக்காட்சிக்கு இதற்கு மேல் கருவி தேவையில்லை. தேவைப்படுவது எங்கே நிற்கிறோம் என்கிற யோசனை. அதைத்தான் பாடப் புத்தகங்கள் சொல்லித் தருவதில்லை.

அவை சொல்லித் தருவது வேறு. ஐஎஸ்ஓ 100, ட்ரைபாட், எஃப் 11, பொன் நேரம் என்று சூரியன் ஏறுகிற, இறங்குகிற நேரம், சட்டத்தை மூன்றாகப் பிரித்து அடிவானத்தை மூன்றில் ஒரு பங்கில் வைப்பது. எல்லாம் சரி, கற்றுக்கொள்ள வேண்டியதுதான். அதோடு சேர்த்து ஒரு வரி இருக்கும்: கவனத்தைச் சிதறடிக்கிற பொருள்களைச் சட்டத்திலிருந்து விலக்குங்கள். மின்கம்பி, குப்பை, தகரக் கூரை, குறுக்கே வருகிற ஆட்கள். நம்ம தெருவை வர்ணித்த மாதிரியே இருக்கு, பாருங்க. ஆட்கள் நகராமல் நின்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இருட்டுக் கண்ணாடி ஃபில்டர் ஒன்றை லென்ஸ் முன்னால் மாட்டி முப்பது நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் நடமாடுகிற ஜனம் அத்தனையும் கரைந்து போய்விடும். அசையாத கல்லும் கட்டிடமும் மட்டும் மிஞ்சும்.

இந்த வித்தை புகைப்படம் பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1838-இல் பாரிசில் தாகேர் ஒரு பெரிய வீதியை ஜன்னலிலிருந்து எடுத்தார். வண்டியும் ஜனமும் நிறைந்த வீதி. தகட்டில் வெளிச்சம் விழப் பல நிமிடம் ஆனதால் நடந்தவர்கள் யாருமே பதியவில்லை. வீதி வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு மூலையில் ஒரே ஒரு ஆள் மட்டும் தெரிகிறான், ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்றவன். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதன் என்று இவனைத்தான் வரலாற்றுப் புத்தகங்கள் எழுதுகின்றன. பாலிஷ் போட்டவன் எங்கே? அவனும் படத்தில் இருக்கிறான். குனிந்து, கை அசைந்துகொண்டே இருந்ததால் கலங்கலாக இருக்கிறான். வேலை செய்தவன் கலங்கல், வேலை வாங்கியவன் தெளிவு. முதல் படத்திலேயே இந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

நம் பக்கம் வந்தால், கம்பெனிப் பட்டாளத்துக் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856 முதல் 1860 வரை இருந்து மதுரை, தஞ்சாவூர், திருச்சியையெல்லாம் எடுத்தார். கோயில், மண்டபம், மலைக்கோட்டை. ஊர் காலியாகக் கிடக்கும். வானத்தில் மேகம் பதியாத இடத்தில் நெகட்டிவில் தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்தார். மேகம் சேர்க்கத் தோன்றியது. அடுத்து சாமுவேல் போர்ன். 1863-இலிருந்து 1866-க்குள் மூன்று தடவை இமயமலைப் பக்கம் போய் உலகம் மெச்சிய படங்களை எடுத்தவர். கண்ணாடித் தகடு, ரசாயனம், இருட்டுக் கூடாரம், தட்டுமுட்டு என்று அத்தனையையும் சுமந்தது டஜன் கணக்கான கூலிகள். சுமை தாங்காமல் ஓடிப்போன கூலிகளைக் கம்போடு தேடிப்போய் இழுத்து வந்த கதையை அவரே லண்டன் பத்திரிகைக்கு எழுதினார். படத்தில் பனிச்சிகரம் இருக்கிறது. அந்த உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோன முதுகுகள் இல்லை. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான ஜனங்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்தாரே, அங்கே ஆள் தெரிகிறான், ஆனால் சுற்றி ஊர் இல்லை. படம் எடுத்த பிறகு இவர்களுக்கு என்ன செய்தாய் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நிலம் தனியாக ஒரு படம், அதில் உழைத்துச் செத்தவன் தனியாக ஒரு படம். இரண்டையும் ஒரே சட்டத்தில் போடாமல் பார்த்துக்கொண்டதுதான் காலனியப் புகைப்படத்தின் சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்தைச் சுதந்திர இந்தியாவின் காலண்டர்கள் அப்படியே சுவீகாரம் எடுத்துக்கொண்டன.

அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை இங்கே சொல்லியாக வேண்டும். நிலக்காட்சிப் புகைப்படக்காரர்களுக்கு அது காசி, ராமேஸ்வரம் மாதிரி. ஆன்சல் ஆடம்ஸ் வாழ்நாள் முழுக்க எடுத்த இடம். அவருக்கு முன்னால் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் எடுத்தார். அந்தப் படங்களும் சேர்ந்துதான் 1864-இல் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கச் சட்டம் கொண்டுவர வைத்தன. மனிதன் கால் படாத கன்னி நிலம் என்று உலகமே நம்பியது. வாட்கின்ஸ் வருவதற்குப் பத்தே வருடம் முன்னால், 1851-இல், அங்கே வாழ்ந்த அவானீச்சி ஜனங்களை ஆயுதப் படை புகுந்து விரட்டியிருந்தது. திரும்பி வந்து ஒட்டிக்கொண்டு வாழ்ந்தவர்களையும் பூங்கா நிர்வாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தது. எஞ்சியிருந்த வீடுகளையும் 1969-இல் அழித்தது. படம் எப்படி இருந்ததோ அப்படி நிலத்தை ஆக்கினார்கள். இதைப் படிக்கிறபோது நமக்கு நம்ம மலை ஒன்று ஞாபகம் வர வேண்டும்.

மாஞ்சோலை. திருநெல்வேலி மாவட்டம், மணிமுத்தாறு அணைக்கு மேலே ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தமிழ்நாட்டிலேயே மழை கொட்டித் தீர்க்கிற இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் உண்டு. பனி மூடிய தேயிலைச் சரிவு, வளைந்து போகிற சாலை, காக்காச்சியில் துரைமார் கோல்ப் ஆடிய புல்வெளி, குதிரைவெட்டியிலிருந்து கீழே தெரிகிற அணைகள். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு கேமராவோடு போகாத ஆள் திருநெல்வேலியில் குறைவு. ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது. பத்துப் படத்தைப் பார்த்தால் போதும், மற்றது எல்லாவற்றையும் பார்த்த மாதிரி.

இந்தப் படங்களில் இயற்கை என்று காட்டப்படுவது இயற்கையே இல்லை என்பது முதல் விஷயம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் காட்டை பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. காட்டை வெட்டிச் சரித்து, குழி தோண்டி, செடி ஊன்றியவர்கள் கீழே சமவெளியிலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்தும் வந்த கூலிகள், பெரும்பாலோர் தலித்துகள். தேயிலை என்பது சும்மா விட்டால் மரமாக வளர்ந்துவிடும். இடுப்பு உயரத்தில், கம்பளம் விரித்த மாதிரி, பார்க்கிற கண்ணுக்கு வழவழவென்று அது இருக்கிறதே, அதற்குக் காரணம் மழையும் மண்ணும் மட்டுமா? கவாத்து வெட்டி, வாரா வாரம் கொழுந்து கிள்ளிக் கிள்ளி ஒரே மட்டத்தில் நிறுத்தின கைகள் காரணம். அந்தப் பச்சை மட்டம் பெண்களின் கை போட்ட மட்டம். ஆள் இல்லாத தேயிலைப் படம் என்று ஒன்று கிடையாது. கைரேகையை எடுத்துவிட்டு ஆளை மட்டும் விட்டுவிட்ட படம்தான் உண்டு. பி.எச்.டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நாவலுக்குத் தமிழில் இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று பேர் வைத்தார். பனியைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் அந்தத் தலைப்பையாவது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

1999-இல் கூலி உயர்வு கேட்டுப் போராடிய மாஞ்சோலைத் தொழிலாளர்கள் 650-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர்களை விடுதலை செய், கூலியைக் கூட்டு என்று ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடியில் இறங்கியது. ஆற்றுக்குள் இறங்கி ஓடியவர்களையும் விடவில்லை. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள், பெண்களும் ஒரு பச்சைக் குழந்தையும் அதில் உண்டு. பத்திரிகைக் கேமராக்களும் வீடியோவும் அங்கே இருந்ததால்தான் அடித்ததற்குச் சாட்சி மிஞ்சியது. ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஆவணப்படம் எடுத்தார். அதே ஆற்றை, அதே கரையிலிருந்து, முப்பது நொடி ஷட்டர் திறந்து வைத்துப் பால் போல வழிய விட்டு எடுத்த படங்களை நானும் கண்காட்சிகளில் பார்க்கிறேன். நல்ல நுட்பம். தண்ணீரில் ஒரு சலனம் கூட இல்லை.

பிறகு 2024. குத்தகை முடிய 2028 வரைக்கும் காலம் இருந்தும் கம்பெனி விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கியது. ஜூன் மாதத்தோடு வேலை நின்றது. ஐநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். நாலைந்து தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே புதைத்தவர்கள். அரசின் டேன்டீ எடுத்து நடத்தட்டும் என்று கேட்டுப் போட்ட வழக்குகளை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. களக்காடு முண்டந்துறை 1988-இலிருந்து புலிகள் காப்பகம். காடு காடாக வேண்டும் என்பதில் நமக்குச் சண்டை இல்லை. புலியோடு நமக்கு வரப்புத் தகராறு எதுவும் கிடையாது. காட்டை அழிக்கச் சொன்னவனுக்கு 95 வருட லாபம், அழித்த கைக்கு இறங்கிப் போ என்ற உத்தரவு, இதில்தான் தகராறு. இன்னும் கொஞ்ச காலத்தில் தேயிலை மரமாகி, லைன் வீடுகளின் கூரை சரிந்து, அங்கே போகிற புகைப்படக்காரன் மனிதன் கால் படாத சோலை என்று தலைப்புப் போடுவான். யோசெமிட்டியில் நூறு வருடத்துக்கு மேல் எடுத்த வேலையை இங்கே ஏழெட்டு வருடத்தில் முடித்துவிடலாம்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நாலுமுக்கில் நாற்பது வருசம் கொழுந்து எடுத்த ஒரு அம்மா என் தோளில் தொங்கின கேமராவைப் பார்த்துவிட்டுச் சொன்னாங்க: "வாராவ, காரவுட்டு எறங்குதாவ, மலைய மட்டும் எடுத்துட்டுப் போறாவ. பனி அழகா இருக்குங்காவ. அந்தப் பனியில வெரலு மரத்துப்போயி, அட்ட கடிச்சு ரத்தம் ஒழுக, நனைஞ்ச கம்பளியோட நின்னமே, அது எந்த போட்டோவுல இருக்கு?" உங்கள ஒரு படம் எடுக்கட்டுமாம்மா என்று கேட்டேன். "எடுய்யா. மொகம் தெரியணும். கருப்பா நிழலு மாதிரி எடுத்துப் போடாத. அப்படித்தான் எடுத்துட்டுப் போறாவ."

முகம் தெரியணும் என்றது சாதாரணப் பேச்சு இல்லை. நிலக்காட்சிப் புகைப்படத்தில் உழைக்கிறவர்கள் அனுமதிக்கப்படுவதே நிழலுருவாகத்தான். தூத்துக்குடி உப்பளத்தில் சாயங்கால வானத்துக்கு முன்னால் உப்பு வாரும் பெண்ணின் கருத்த உருவம். ஏரிக்கரையில் மாடு ஓட்டிப்போகிறவனின் கருத்த உருவம். பரிசு வாங்குகிற படங்கள். கண்ணு கூசுகிற அந்த வெள்ளைப் பாத்தியில் வருசக்கணக்காக நின்று பார்வை மங்கிப்போன பெண்ணுக்கு படத்தில் கண்ணே கிடையாது. வானத்துக்கு ஆரஞ்சு, ஊதா, சிவப்பு என்று அத்தனை நிறமும் உண்டு. ஆளுக்கு ஒரே நிறம். இது கலை என்பார்கள். இது ஒரு அளவைக் கணக்கு. கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கேமராவுக்குள் இருக்கிற மீட்டருக்கு எது வானம், எது ஆள் என்ற கவலை அவ்வளவாகக் கிடையாது. காட்சி முழுவதையும் கலந்து அடித்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வானம் பிரகாசமாக இருந்தால் மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். வானம் தப்பிக்கும், முகம் சாகும். பனி மூட்டத்தில் படம் எடுத்தால் பனி அழுக்குச் சாம்பலாக விழும், அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டு என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறான். பனியின் வெண்மைக்கு ஒரு ஸ்டாப் கூட்டித் தரலாம் என்றால், அந்தப் பனிக்குள் நிற்கிறவளின் முகத்துக்கு இன்னொரு ஸ்டாப் கூட்டினால் என்ன? பனி கொஞ்சம் வெளிறிப்போகும். போகட்டுமே.

இன்னொரு வேடிக்கை. ஆன்சல் ஆடம்ஸ் வெளிச்சத்தைக் கருப்பிலிருந்து வெள்ளை வரைக்கும் படிகளாகப் பிரித்து ஸோன் முறை என்று வகுத்தார். வெள்ளைக்காரன் தோல் ஆறாவது படியில். மீட்டர் தேடுகிற நடுச்சாம்பல் ஐந்தாவது படி, அந்த ஐந்தாவது படிக்கு அவர் கொடுத்த உதாரணங்களில் ஒன்று கருத்த தோல். அதாவது அவர்கள் கணக்குப்படியே நம்ம முகத்தை வைத்து அளந்தால் மீட்டர் ஏறக்குறைய நேராகச் சொல்லிவிடும், எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டியதில்லை. வெள்ளை முகத்தை வைத்து அளப்பவன்தான் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். இதை எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்? கருப்புத் தோலைப் படம் எடுப்பது கஷ்டம், லைட்டிங் வேண்டும், ரிஃப்ளெக்டர் வேண்டும் என்றுதான் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். கஷ்டம் தோலில் இல்லை. வானத்தை அளந்துவிட்டு முகத்தைக் குறை சொல்வதில் இருக்கிறது.

கேனான் 1500டி-யில் ஸ்பாட் மீட்டர் கிடையாது. பார்ஷியல் உண்டு, நடுவில் பத்து சதவிகிதம் போல அளக்கும். கிட்டே போய் முகத்தில் வைத்து அளந்து, நட்சத்திரக் குறி போட்ட பட்டனை அழுத்திப் பூட்டிவிட்டு, பின்னால் வந்து மலையோடு சேர்த்துச் சட்டம் போடலாம். கிட்டே போக வேண்டியிருக்கிறது, பேர் கேட்க வேண்டியிருக்கிறது, எடுக்கட்டுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்றால் வந்துவிட வேண்டியிருக்கிறது. தூரத்தில் காருக்குப் பக்கத்தில் நின்று ஸூம் லென்ஸில் இழுத்து எடுக்கிறவனுக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை.

நம்ம தமிழறிஞர்கள் இந்த இடத்தில் குறுக்கே வந்து, நிலத்தையும் மனிதனையும் பிரிக்காத மரபு நம்முடையது, திணை மரபைப் பாருங்கள், முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்பார்கள். பார்த்தோம். தொல்காப்பியர் அடியோரையும் வினைவலரையும் எங்கே வைத்தார்? அன்பின் ஐந்திணைக்குள் அவர்களுக்கு இடமில்லை. கைக்கிளை, பெருந்திணை என்று புறத்தே தள்ளிய இடத்தில் வைத்தார். நிலம் அவர்கள் உழைப்பு, அந்த நிலத்தில் காதலிக்கிற தகுதி வேறு ஆளுக்கு. ஐந்திணை வேறு, காலண்டர் வேறு என்று நான் நினைக்கவில்லை. சட்டம் போடுகிற கை ஒன்றுதான்.

நம் பக்கத்துப் படங்களைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் குறை முழுக்க எதிர்ப்பக்கம் இல்லை. தலித் வாழ்க்கையைப் புகைப்படம் எடுப்பது என்றாலே மலக்குழி, பிணம், அழுகிற தாய், எரிந்த குடிசை என்று ஆகிப்போனது. அவை தேவை. 2017-இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்துக்குக் கேமரா பிடித்த பழனிக்குமார், மதுரைக்காரர், மீன் விற்ற தாயின் மகன், எடுத்த படங்கள் இல்லாவிட்டால் எத்தனை சாவுகள் பொய்க் கணக்கில் போயிருக்கும். ஆனால் அதே பழனிக்குமார் மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கிற பெண்களோடு கடலுக்குள் போய் எடுத்த படங்களை எடுத்துப் பாருங்கள். கடல் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, அலையின் அழகு முழுசாக இருக்கிறது, அதற்குள் அந்தப் பெண்கள் நிழலாக இல்லாமல் ஆளாக இருக்கிறார்கள். கடலைக் கழித்தால் அவர்கள் இல்லை, அவர்களைக் கழித்தால் அந்தக் கடல் இல்லை. நான் கேட்கிற நிலக்காட்சி இது. வாடிப்பட்டிக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் ஊரில் முடங்கிக் கிடந்தபோது தன் வீட்டாரையே எடுத்த 'ஐ ஃபீல் லைக் எ ஃபிஷ்' தொடரும் இந்த வகையில் முக்கியம். இழவு வீட்டுக்குத்தான் கேமரா வரும் என்ற பழக்கத்தை மீறி, பிள்ளைகள் விளையாடுகிற, பெரியவர்கள் படுத்திருக்கிற இடமாக நிலத்தைக் காட்டியது.

அழகு அவனுக்கு, துயரம் நமக்கு என்ற பாகப்பிரிவினையை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. நம்ம பையன் ஒருத்தன் விடியற்காலை எழுந்து போய் வெறும் மலையை, வெறும் பனியை எடுத்துவிட்டு வந்தால் அவனைத் துரோகி மாதிரி பார்க்கிற தோழர்களும் இருக்கிறார்கள். அது வேண்டாத வேலை. மலை பார்க்கிற சந்தோஷம் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. எங்கே நின்று பார்த்தான் என்று மட்டும் கேளுங்கள். தேயிலைத் தோட்டங்களில் பொதுவாகத் துரை பங்களா மேட்டில் இருக்கும், லைன் வீடு பள்ளத்தில் இருக்கும். மேட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், வேலை செய்கிறவன் நிமிர்ந்தானா என்பது உட்பட. வ்யூ பாயிண்ட் என்று பலகை நட்டு வைத்திருப்பது இந்த மாதிரி மேட்டில்தான். பள்ளத்திலிருந்து, லைன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தாலும் அதே மலை தெரியும். 18 மில்லிமீட்டரில் வாசற்படியும் அம்மிக்கல்லும் முன்னால் பெரிதாக, மலை பின்னால் சின்னதாக விழும். அந்த அளவு எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

மாஞ்சோலையோ, வேறு எந்த மலையோ, ஆள் இறக்கப்படுகிற இடம் எதுவானாலும் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைச் சாதாரண கேமராவால் செய்யலாம். விட்டுப்போகிற ஒவ்வொரு வீட்டையும் அதன் பின்னால் தெரிகிற மலையோடு சேர்த்து எடுக்க வேண்டும். மலையின் வடிவம் மாறாது. நாளைக்கு வீடு இருந்த இடத்தை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கோயில், சர்ச், பள்ளிக்கூடம், பெரட்டுக்களம், கொழுந்து எடை போட்ட இடம், கல்லறைகள். எஃப் 8, ஷட்டர் 125-க்குக் கீழே இறங்காமல், பனி இருட்டில் ஐஎஸ்ஓ 400, 800 என்று ஏற்றிக்கொள்ளத் தயங்க வேண்டாம். கொஞ்சம் புள்ளி விழுந்தால் சாட்சி கெட்டுவிடாது. ராவில் எடுங்கள். மலையில் மழை சொல்லிக்கொண்டு வராது, இந்தக் கேமராவுக்குள் தண்ணீர் போனால் தீர்ந்தது. பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு லென்ஸை நுழைத்து ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். கண்ணாடி துடைக்கப் பழைய லுங்கித் துணி நாலு வைத்துக்கொள்ளுங்கள். குளிரிலிருந்து அடுப்பு எரிகிற வீட்டுக்குள் போனதும் லென்ஸ் மேல் ஈரம் படியும், கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவர்களோடு பேசிக்கொண்டிருங்கள். எப்படியும் பேச வேண்டியதுதான்.

மூடுபனி, மௌனம், பசுமைப் பயணம் என்றெல்லாம் தலைப்புப் போடாதீர்கள். இடத்தின் பேர், எஸ்டேட்டின் பேர், அங்கே வேலை செய்தவர்கள் அந்தக் காட்டுத் துண்டைச் சொல்லுகிற பேர், தேதி, யார் வீடு, எத்தனை வருசம் இருந்தார்கள். அவர்கள் சம்மதித்தால் பேரோடு, இல்லையென்றால் பேர் இல்லாமல். இரண்டு பிரதி எடுத்து இரண்டு ஊரில் வையுங்கள், ஒன்று அந்தக் குடும்பத்திடம் இருக்கட்டும். வீட்டுக் கதவில் லைன் நம்பர் எழுதியிருந்தால் கதவைத் திறந்து வைத்து எடுக்காதீர்கள். சாத்தி வைத்து, நம்பர் தெரிகிற மாதிரி எடுங்கள்.